முச்சந்திப் பூசணிக்கு உரியவன் யார்

வாழ்க பத்ரிநாராயணன்! மயிலைக் கோபுரம் கண்ணுக்கெட்டும் தூரத்தில் பிறந்து, மந்தைவெளி அடுக்ககத்தின் முதல் தளத்தில் குடிபுகுந்து, வங்கி மேசையில் வாழ்நாளெல்லாம் முத்திரைச் சமர் புரிந்து, ஓய்வூதியமெனும் வெற்றிமாலை சூடி வீடு திரும்பிய வெள்ளைவேட்டிப் பெருவேந்தன்! வாழ்க அவன் ஊர்ந்த வெண்புரவி, ஸ்கூட்டர் எனும் பெயர்பூண்ட இருசக்கரத் திருவாகனம்! பின்னால் மாநகரப் பேருந்து முழங்கினும், பக்கத்தில் ஆட்டோக்கள் அம்பெனப் பாயினும், இடப்புறம் ஒதுங்குதல் குடிக்கே இழுக்கென்று நடுச்சாலையை விட்டு நகராத நெஞ்சுரத்தோன். இடப்பக்க விளக்கை மினுக்கவிட்டு வலப்பக்கம் திரும்பி, பின்தொடர்வோர் அனைவரையும் கடவுள் நம்பிக்கையின்பால் ஆற்றுப்படுத்திய அருளாளன். அன்னவன் சாய்ந்த கதையையும், சாய்த்தவன் எவனென்று தேடித் திரிந்த கதையையும் பாடப் புகுகிறேன். நாமகளே, என் நாவில் வந்து அமர்வாயாக. சட்டம் பேசும் இடங்களில் மட்டும் சற்றே எழுந்து போய் வா, அங்கே உனக்கும் ஒன்றும் விளங்காது.

ஒரு சொல் முன்கூட்டியே. காவியத்தில் நாயகனை 'அவன்' என்பதே மரபு. ஆனால் அவர் வயதில் பெரியவர், தெருவில் எல்லோருக்கும் மாமா. ஆகவே வானத்தில் பறக்கும்போது அவன், தரையில் இறங்கினால் அவர். மாறி மாறித்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வாழ்த்த வேண்டியது பூசணியை. சாம்பல் பூத்த திருமேனியே! வயிறு கீறக் கீறக் குங்குமம் உண்டு, உச்சியில் கற்பூரச் சுடர் தாங்கி, கடையையும் கல்லாவையும் மும்முறை வலம்வந்து, நடுத்தெருவில் தலைசிதறி உயிர்நீக்கும் தியாகத் திருவுருவே, நீ வாழ்க! உன்னை உடைத்த கணமே உன்னுள் அடைந்த திருஷ்டியெல்லாம் உடைத்தவனை விட்டு நீங்கித் தெருவுக்குச் சொந்தமாகிவிடும். உடைத்தவன் திரும்பிப் பார்க்கலாகாது. சிதறிய துண்டைத் தொட்டவனையும் தாண்டியவனையும் அந்தத் திருஷ்டி பற்றிக்கொள்ளும். ஆகவே ஒருவரும் தொடமாட்டார், ஒருவரும் ஒதுக்கமாட்டார். தன் வீட்டுப் பீடையைத் துடைத்து எடுத்து அடுத்தவன் சக்கரத்தின் அடியில் வைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு நாம் பக்தி என்று பெயர் சூட்டியிருக்கிறோம். இதைக் குறை சொல்ல எனக்கும் பயம்தான்.

ஆயுத பூஜைத் திருநாளன்று, உச்சிவேளைக்குச் சற்று முன்னர், தன் வாகனத்தை நீராட்டிச் சந்தனமிட்டுப் போற்றும்பொருட்டு, வேண்டுவன கொள்ள மாட வீதிக்குப் படையெடுத்தான் பத்ரிநாராயணன். நெரிசலைப் பிளந்து, பூக்காரியிடம் பேரத்தில் புறமுதுகிட்டு, பொரியும் சாமந்தியும் நடுத்தரப் பூசணி ஒன்றும் கைக்கொண்டு மீண்டான். அந்தப் பூசணி யாருக்கு? அந்த ஸ்கூட்டருக்கேதான். எவர் கண்ணும் பட்டு அது எங்கேனும் சாய்ந்துவிடக் கூடாதே என்பதற்குத்தான். பூசணியைக் கால்வைக்கும் இடத்தில் இரு பாதங்களுக்கு நடுவே சிறைவைத்தான். சாமந்தியை எங்கே வைப்பது? பையில் போட்டால் கசங்கும். எனவே முன்னோர் எவரும் எண்ணாத ஓர் உபாயத்தை எண்ணி, தன் தலைக்கவசத்தைக் கூடையாக்கி அதனுள் பூவைக் கொட்டி, கைப்பிடியில் தொங்கவிட்டான். தலை கசங்கினால் மருத்துவர் இருக்கிறார். சாமந்தி கசங்கினால் அபயாம்பாளுக்கு யார் பதில் சொல்வது? அபயாம்பாள் அவருடைய மனைவி.

அந்தோ, அவன் தெருவின் தலைவாயிலில் விரிந்து கிடந்தது அந்த முச்சந்தி! ஒருபுறம் கைப்பேசிகளுக்கு உறையும் கண்ணாடியும் ஒட்டும் பிரசாத்தின் கடை. எதிர்ப்புறம் காலையில் இட்லியும் மாலையில் போண்டாவும் படைத்தருளும் அசோகனின் டிபன் கடை. மூன்றாம் புறம் குப்பன் தலைமையில் மஞ்சள் தேர்கள் அணிவகுத்த ஆட்டோ ஸ்டாண்டு. நல்ல நேரம் முடிவதற்குள் முந்த வேண்டும் என்று மூவரும் ஒருவருக்கொருவர் சளைக்காமல், அடுத்தடுத்து மூன்று பூசணிகளை அந்த ஒரே களத்தில் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் உள்ளே போயிருந்தார்கள். குங்குமம் கலந்த சதையும் விதையும் செஞ்சேறாகப் பரவியிருந்தன. கடந்து போனவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அக்களத்தினுள்ளே, காலிடைப் பூசணியும் கைப்பிடிப் பூவுமாக, மனத்துள் சுண்டலும் வடையும் நிழலாட, நடுச்சாலை வழுவாது நுழைந்தான் நம் வீரன். நுழைந்ததும் முன்சக்கரம் ஒரு துண்டின்மேல் ஏற, ஏறிய சக்கரம் இடம்போக, இடம்போன சக்கரத்தை மறுத்து வண்டி வலம்போக, காலூன்றித் தடுக்க நினைத்தவனுக்குத் தான் கொணர்ந்த பூசணியே தடைச்சுவராய் நிற்க, வானும் மண்ணும் தலைகீழாய்ச் சுழல, வேட்டி கொடியெனப் பறக்க, தலைக்கவசத்துள் இருந்த சாமந்தி மட்டும் ஓர் இதழும் சிந்தாதிருக்க, பத்ரிநாராயணன் தொப்பென்று விழுந்தார். அவர் விழுந்த பிறகு, சிறைமீண்ட அவருடைய பூசணி உருண்டோடி மின்பெட்டியில் மோதி உடைந்து, ஏனைய மூன்றின் துண்டுகளோடு கலந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்காகத்தான் பெரிய சண்டை.

மூன்று திசைகளிலிருந்தும் மூன்று கூட்டத்தார் ஓடிவந்தனர். ஓடிவந்தவர்கள் பூசணித் துண்டுகளின் எல்லையில் கட்டிப்போட்டாற்போல் நின்றனர். தாண்டக் கூடாதே! ஆகவே வட்டமாய்ச் சூழ்ந்து நின்று, விழுந்து கிடந்தவரை நோக்கி, "பாத்து சார், பாத்து சார்" என்று காலம் கடந்து எச்சரித்தனர். எல்லை தாண்டி வந்தது ஒரே ஒருத்தி. விரதநாளில் மீன் விற்காது என்று தெரிந்தும் பலகை விரித்து உட்கார்ந்திருந்த முத்துமாரி, செதில் ஒட்டிய கையை முந்தானையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, சேற்றில் இறங்கி வந்து அவரை அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.

"இன்னா நைனா, மெதுவா எய்ந்துரு. கைய ஊனாத, கை வீங்கிக்கினு வருது பாரு" என்றாள்.

மணிக்கட்டு முறிந்த அந்த வேதனையிலும், நாயகனின் சிந்தை உயர்ந்தோங்கி, இந்தக் கை பட்ட சட்டையோடு பூஜைக்கு உட்காரலாமா, குளித்துவிட்டுத்தான் உட்கார வேண்டுமா என்று ஆராய்ந்தது. எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள் அவரைத் தன் ஸ்டூலில் உட்கார வைத்து, மீனுக்கு வைத்திருந்த பனிக்கட்டியைத் துணியில் சுற்றி மணிக்கட்டில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இடக்கை வெண்மாவுக் கட்டெனும் கவசம் பூண்டு வீடு திரும்பியவனை, வாயிற்படியிலேயே ஒரு போர்க்குற்ற விசாரணை வரவேற்றது. வேளச்சேரியில் கணினிப் பணி புரியும் அவர் மகள் மாளவிகா, விழுந்த செய்தி கேட்டு வெளிறிப்போய் வந்திருந்தாள். பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. கோபம் வந்ததும் ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே வண்டி கிடையாது. எங்கே போணும்னாலும் ஆட்டோ சொல்லித் தரேன்."

"என் மேல தப்பே இல்லடீ. பூசணிக்காயை நடுரோட்ல போட்டவன் மேலன்னா தப்பு?"

"விழுந்தவா எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா. யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், உங்க மேல தப்பில்லேன்னு ஒத்துக்கட்டும். சாவியைத் தந்துடறேன்."

அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவனோ அதைச் செப்பேட்டில் பொறித்த உடன்படிக்கையாய் ஏற்றான். ஏனெனில் அந்தச் சாவி வெறும் சாவியன்று. விடியற்காலையில் யாரையும் கேளாமல் கடற்கரைக்குப் போய் வருவதும், காப்பிப்பொடி கடைக்குப் போகிறேன் என்று சொல்லி லஸ் முனை முழுக்கச் சுற்றிவிட்டு வருவதும், பழைய நண்பனைப் பார்க்கக் கோட்டூர்புரம் வரை தானே ஓட்டிக்கொண்டு போவதும் அந்தச் சாவிதான். அது போனால் மகள் ஆட்டோ சொல்லித் தரும் வரை வாசலில் நிற்க வேண்டும். எங்கே போகிறாய், எப்போது வருவாய் என்பதற்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அன்று ராத்திரி கை வலியைவிட அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

எனவே நீதியின் துணைநாடி மேல்தளம் ஏறினான். அங்கே வாழ்ந்தாள் தமிழ்நிலா: உயர்நீதிமன்றக் கருங்கோட்டுக் கன்னி, சட்டக்கடல் கடைந்த சான்றோள், அண்மையில்தான் வழக்கறிஞராகப் பதிவு செய்தவள். படிக்கட்டின் நடுவே அவளை மறித்து, விபத்தில் அடிபட்ட மாந்தர் ஊழிதோறும் கேட்டுவரும் வினாக்களை எல்லாம் அம்புமாரியெனத் தொடுத்தான். "மாநகராட்சி மீது வழக்குத் தொடுக்கலாகுமோ? காப்பீட்டார் கைகொடுப்பரோ? தெய்வச் செயலென்று சொல்லிப் பகைவர் தப்புவரோ?" என்பது அவன் முழக்கத்தின் சாரம். அவள் கையில் பால் பாக்கெட் இருந்தது.

"மாநகராட்சி மேல போடலாம் அங்கிள். ஆனா அவங்களுக்குத் தெரிஞ்சும் விட்டுட்டாங்கன்னு காட்டணும். பூசணி உடைஞ்சு அஞ்சு நிமிஷம்கூட ஆகலையே. வண்டி இன்சூரன்ஸ், நீங்க யாரையாவது இடிச்சா அவங்களுக்கு. நீங்களா விழுந்ததுக்கு இல்ல. தெய்வச் செயல்னு அவங்க தப்பிக்க முடியாது, பூசணி தானா வந்து விழலையே."

"அப்படின்னா உடைச்சவன் மேலதானே பொறுப்பு?"

"ஆமா. உடைக்கறது அவங்க நம்பிக்கை. உடைச்சதை ஓரமாத் தள்ளி விட்டிருந்தா போதும், ஒண்ணும் கிடையாது. பொது வழியில போறவங்களுக்கு அடிபடாம பாத்துக்கணும்ல, அதுதான் கடமை. அதைச் செய்யாததுனாலதான் நீங்க விழுந்தீங்கன்னு காட்டணும். அவ்வளவுதான்." பிறகு பால் பாக்கெட்டைக் கை மாற்றிக்கொண்டு கேட்டாள்: "ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?"

அங்கே நம் வீரன், ஆயிரம் கணைக்கு அஞ்சாத நெஞ்சினன், அந்த ஒரு கணைக்குத் தலைகுனிந்தான். தலைக்கவசத்தில் சாமந்தி குடியிருந்த வரலாறும், காலூன்ற விடாமல் பூசணி காவல் நின்ற வரலாறும் ஒவ்வொன்றாய் வெளிவந்தன. அவள் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள்.

"அதையெல்லாம் உங்க பங்குத் தப்புன்னு சொல்லுவாங்க. அதுக்கேத்த மாதிரி குறைச்சுப்பாங்க, மொத்தமா போயிடாது. எந்தப் பூசணின்னு சொல்ல ஆள் வேணும் அங்கிள். இல்லேன்னா, யாராவது 'என்னோடதுதான், மன்னிச்சிக்கோங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும், கேஸே வேண்டாம்."

ஒரு வார்த்தை! அதுவன்றோ அவன் வேண்டியதும். பொன் வேண்டான், பொருள் வேண்டான். என்னுடையது என்ற ஒற்றைச் சொல்லே வேண்டிப் போர்க்கோலம் பூண்டான். மாவுக்கட்டைத் தூளியிலிட்டு, மறுகையில் குடையைச் செங்கோலெனப் பற்றி, முச்சந்தி நடுவே நின்று, எண்டிசையும் நடுங்க அறைகூவினான்: "இக்களத்தே கண்ணேறு கழித்துக் கனி சிதறிய வீரர்காள்! என்னைச் சாய்த்த பூசணிக்கு உரியவன் எவனோ, அவன் ஆண்மையுடையனாயின் முன்வருக! வந்து ஒரு சொல் உரைக்க! உரைத்தால் பொறுப்பேன், மறைத்தால் விடேன்!" தெருவில் கேட்டது இவ்வளவுதான்: "ஏம்ப்பா, அன்னிக்கு இங்கே பூசணிக்கா உடைச்சது யாரு?"

முதலில் வாய் திறந்தவன் பிரசாத். "நான் ஒடைச்சது அந்தாண்ட சார், டிபன் கட பக்கமா தெறிச்சுது" என்றான். அசோகன், தன்னுடையது ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் போய்விட்டதாக எண்ணெய்க் கரண்டியால் திசைகாட்டினார். குப்பனோ தன் பூசணி பிரசாத் கடை வாசலைத் தாண்டி வரவில்லை என்று தாய்மேல் ஆணையிட்டான். ஆக மூவரும் உடைத்தது மெய். மூன்றும் அடுத்தவன் எல்லையில் கிடந்ததும் மெய். நம் வீரன் விழுந்த இடத்தில் மட்டும் எந்தப் பூசணியும் இருந்ததில்லை. வழுக்குவதற்கு ஒன்றுமே இல்லாத சாலையில் ஒரு மனிதன் வழுக்கி விழுந்திருக்கிறான்.

"சரி, மூணு பேர்ல யாரோ ஒருத்தரோடதுதானே? சும்மா ஒருத்தர் சொல்லிடுங்கோளேன். நான் காசு கேக்கலை."

குப்பன் கிட்டே வந்து, ரகசியம் சொல்வதுபோல் சொன்னான்: "கோச்சிக்காத மாமா. ஒடைச்சப்பறம் அது யார்தும் இல்ல. என்துன்னு வாயத் தொறந்து சொல்லிட்டா கய்ச்ச திஷ்டி மொத்தமும் திரும்பி நம்மகிட்டயே வந்து குந்திக்கும். போன வருசந்தான் ரெண்டு தபா இன்ஜின் எறங்கிச்சு. புள்ளகுட்டிக்காரன் நானு."

அசோகன் ஆமாம் என்று தலையசைத்தார். பிரசாத் கடைக்குள் இருந்த சாமிப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். காவியம் பாடுவோரே, கேளுங்கள்! நீதிமன்றத்துக்கு அஞ்சாத நெஞ்சங்கள், அபராதத்துக்கு அஞ்சாத நெஞ்சங்கள், ஒருவழிப் பாதையில் எதிரே வருவதற்கு அஞ்சாத நெஞ்சங்கள், ஒரு காய்க்கு உரிமை கொண்டாட அஞ்சின. பின்பு அசோகன்தான் அந்த நஞ்சுதோய்ந்த எதிர்க்கணையை ஏவினார்.

"ஏன் சார், நீங்களும் ஒரு பூசணி வச்சிருந்தீங்கல்ல? அது கீழ விழுந்து ஒடஞ்சு, அதுலயே நீங்க வழுக்கியிருக்கலாமே?"

வானம் இடிந்தது. பகைவர் மூவரும் அக்கணமே ஓரணியாயினர். தன் பூசணியில் தானே வழுக்கிய தனிப்பெருந்தலைவன் என்று முச்சந்தி முழுக்க அவனுக்குப் பட்டம் சூட்டப்பட்டது. அப்போதுதான், தராசுக் கல்லை மீன்பலகையில் ணங்கென்று வைத்துவிட்டு எழுந்தாள் முத்துமாரி.

"இன்னாத்துக்கு வயசானவர அய வுடுறீங்க? அவரு வுய்ந்தப்பறந்தான் அவரு காய் உருண்டுகினு போயி ஒடஞ்சிச்சு. நான் இங்கதான குந்திக்கினு இருந்தேன். அவரு காய் வெள்ள. வேட்டில இருந்தது செவப்பு. நீங்க குங்குமம் வெச்சு ஒடைச்சதுதான் அது. எங்க வேணாலும் வந்து சொல்றேன் நைனா, நீ கூப்பிடு."

குங்குமம்! அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அவருக்கு உடம்பு புல்லரித்தது. கீறாத பூசணியில் ஏது குங்குமம்? அன்று உடுத்திய வேட்டி, செங்கறை படிந்தது படிந்தபடி, பையில் சுற்றிப் பரண்மேல் கிடந்தது. வேட்டியும் முத்துமாரியும் இருந்தால் நோட்டீஸ் அனுப்பிவிடலாம் என்றாள் தமிழ்நிலா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வியாபாரம் முடித்துவிட்டு வீட்டுக்கு வந்து வக்கீலிடம் நடந்ததைச் சொல்லும்படி அவர் முத்துமாரியிடம் கேட்டார். அவளும் தட்டாமல் சரியென்றாள். வாகைப்பூ சூடிய தோளினனாய், குடையைச் சுழற்றிக்கொண்டு வீடு போனான் பத்ரிநாராயணன்.

ஞாயிறு புலர்ந்தது. பரண்மேல் பையைக் காணவில்லை. பால்கனிக் கொடியில், பால்நுரை பழிக்கும் வெண்மையோடு, மாசு மருவற்று, வெள்ளைக்கொடிபோல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது வேட்டி.

"எத்தனை நாளா அந்த நாத்தம்! கண்ணு பட்ட வேஷ்டியை ஆத்துல யாரானும் வச்சுப்பாளா?" என்றாள் அபயாம்பாள், பெருமையோடு. "வெந்நீர்ல ஊறப்போட்டு, எலுமிச்சம்பழம் தேச்சு, ஒரு பொட்டுக் கறை இல்லாம எடுத்துட்டேன் பாருங்கோ."

"அது கறை இல்லை, சாட்சி!"

"சாட்சியாவது ஒண்ணாவது. உங்களைத் தள்ளினது பூசணிக்காயா? பூஜைக்கு மொத நாள் எதிராத்து ஜானு என்ன சொன்னா? 'இந்த வயசுலயும் மாமா என்னமா வண்டி ஓட்டறார்'னு சொன்னாளா இல்லையா? அப்பவே எனக்குச் சுருக்குன்னுது. அவ கண்ணுதான். பேசாம சாயங்காலம் வண்டிக்குத் திருஷ்டி கழியுங்கோ."

முறிந்தது மணிக்கட்டா, நீதியின் முதுகெலும்பா! மூன்று பூசணியும் முச்சந்தியும் மாநகராட்சியும் விடுதலை பெற்றன. மனமுவந்து ஒரு நல்ல வார்த்தை சொன்ன எதிர்வீட்டு ஜானு, கேளாமலே விசாரிக்கப்பட்டுக் குற்றவாளி ஆனாள். அவன் எதிர்த்து முழங்க வாயெடுத்தான். அதற்குள், காப்பி டம்ளரோடு வந்த மாளவிகா சிரித்துவிட்டாள்.

"அப்போ அப்பா மேல தப்பில்லேங்கறியா அம்மா?"

"அவர் மேல என்ன தப்பு? கண்ணு பட்டா யாரா இருந்தாலும் விழத்தான் விழுவா."

"சரிப்பா, ஒருத்தர் ஒத்துண்டாச்சு. சொன்னா சொன்னதுதான்." கைப்பையைத் திறந்து சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "கட்டு பிரிச்சு, டாக்டர் சரின்னு சொன்னப்பறம் ஓட்டுங்கோ. ஹெல்மெட் தலையில. இன்னொரு வாட்டி ரோட்ல ஏதாவது வம்புன்னு காதுல விழுந்தது, வண்டியை வித்துடுவேன்."

இங்கே நின்று நாயகனின் உள்ளத்தை உற்று நோக்குவோம். ஒருபுறம் நீதி: நிரூபித்தற்கரியது, கறை நீங்கியது, நெடுந்தூரம் நடக்க வேண்டியது. மறுபுறம் சாவி: உள்ளங்கையில் சில்லென்று இருந்தது, கடற்கரைக் காற்றின் வாசனை வீசிற்று. பூசணிதான் தன்னைத் தள்ளியது என்று சாதித்தால் அபயாம்பாளின் தீர்ப்பு பொய்யாகும். அது பொய்யானால் சாவி திரும்பிப் போகும். கண்ணே தள்ளியது என்று ஒப்பினால், அதற்குரிய பரிகாரத்தைத் தன் கையாலேயே செய்ய வேண்டும். அவர் வெகுநேரம் யோசித்ததாகச் சொல்ல ஆசைதான். காப்பி ஆறுவதற்குள் முடிவெடுத்துவிட்டார்.

அந்தி சிவந்தது. அடுக்ககத்தின் வாயிலில் ஸ்கூட்டர் பொட்டிட்டு நின்றது. சிறியதோர் பூசணி, குங்குமம் உண்டு, கற்பூரம் சுமந்து, மாளவிகாவின் கைகளில் மும்முறை வலம்வந்தது. பின்பு அதை ஏற்றான் பத்ரிநாராயணன். எந்தக் காயினால் சாய்க்கப்பட்டானோ அந்தக் காயை ஒற்றைக் கையால் ஓங்கினான். ஓங்கி, கோபமும் அவமானமும் முச்சந்தியின் ஏளனமும் ஒருங்கே திரள, நடுத்தெருவில் அறைந்தான். அறைந்த வேகத்தில் அது நூறு துண்டாய்ச் சிதறியது. நாள் கணக்காக அவருக்கு இவ்வளவு நிம்மதி இருந்ததில்லை.

"ஓரமாத் தள்ளிடட்டுமா அப்பா? யாராவது வருவா" என்றாள் மாளவிகா.

"தொடாதே!" என்றாள் அபயாம்பாள். "காலை அலம்பிண்டு உள்ளே வாங்கோ. திரும்பிப் பார்க்காம."

ஓரமாய்த் தள்ளினால் போதும் என்று அன்று படிக்கட்டில் தமிழ்நிலா சொன்னது அவர் செவியில் மறுபடி கேட்டது. ஒரு கணம் நின்றார். காலால் ஒரு தள்ளு, அவ்வளவுதான் வேலை. ஆனால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் இத்தனையும் வீண். குழாயில் காலை அலம்பிக்கொண்டார். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார்.

சற்று நேரத்தில் தெருவில் ஒரு பெரிய சத்தம் கேட்டது, அலுமினியச் சட்டி தரையில் மோதி உருளும் சத்தம். சட்டைப் பையில் சாவி குலுங்க வெளியே ஓடிவந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார். தெருவிளக்கின் கீழ், செங்குங்குமச் சேற்றின் நடுவே, முழங்கை சிராய்ந்து, கால் மடங்கி உட்கார்ந்திருந்தாள் முத்துமாரி. விற்காமல் மிஞ்சிய சங்கரா மீன்கள் பூசணித் துண்டுகளுக்கிடையே சிதறிக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்று சொன்னவள் வந்திருக்கிறாள். அவருக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

சத்தம் கேட்டு ஜன்னல்கள் திறந்தன. மேல்தளத்திலிருந்து தமிழ்நிலா எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டு ஜானு வாசலுக்கு வந்தாள். மாளவிகா அவருக்குப் பின்னால் வந்து நின்றாள். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் சுருங்க, முத்துமாரி நிமிர்ந்து அவரைத்தான் பார்த்தாள்.

"இன்னா நைனா இது, உங்க வூட்டு வாசல்லயே ஒடைச்சுப் போட்டுக்கீது? யார்து இந்தப் பூசணி?"

அக்கணம் காற்று அசையாது நின்றது. எண்டிசைக் காவலரும் எழுதுகோல் ஏந்திக் காத்திருந்தனர். முச்சந்தியின் மூன்று புறமும் மூச்சடக்கிச் செவிசாய்த்தன. இத்தனை நாளாய் அவன் கடைக்குக் கடை நின்று கேட்ட, கேட்டும் எவனும் ஈயாத அந்த ஒற்றைச் சொல், ஈரேழு உலகும் எடைக்கு எடை தந்தாலும் ஈடாகாத அந்தத் திருச்சொல், அவன் நாவின் நுனியிலே, பற்களுக்குப் பின்னே, வெளிவரக் காத்து நிற்க, சட்டைப் பைக்குள் சாவியை இறுகப் பற்றியவாறு, சாயாத வீரன், சலியாத நீதிமான், மந்தைவெளியின் மணிமுடி வாய் திறந்தான்.

"தெரியலையேம்மா" என்றார்.